ரோஸ் கலரில் எண்ணூறு கிலோ

ஏனுங்க, மணி என்ன ஆச்சு? ஒன்று இருபதா? சரிதான், என் வாட்ச்சிலும் அதுதான் காட்டுது. இன்னொருத்தர் வாயால் கேட்டால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்னு கேட்டேன். மூன்று மணிக்குள் இந்த பஸ் திருப்பூர் போய்ச் சேர்ந்துவிடுமா? மூன்று மணிக்கு நான் ஒரு இடத்தில் போய் உட்காரணும்.

எங்க முதலாளி காரிலேயே கூப்பிட்டார். "சென்னியப்பா, ஏசியில ஜம்முனு போலாம், வா" என்றார். கார் எனக்கு ஒத்துக்காது, வாந்தி வரும்னு சொல்லிவிட்டேன். அப்படியெல்லாம் வராது. ஆனால் அவர் பக்கத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால், அங்கே போய் நான் என்ன சொல்லணும்னு பத்துத் தடவை சொல்லிக் கொடுப்பார். எனக்கு ஒரு தடவை போதுமுங்க. பத்தாம் வகுப்பில் எனக்குப் பின்னால் உட்கார்ந்தவனின் ரோல் நம்பரைக்கூட இப்போது சொல்லுவேன். என் ஞாபகசக்தி அப்படி.

நீங்க திருப்பூர்தானா? பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டரா! அட, அப்போ நான் சொல்றது உங்களுக்கு நல்லாப் புரியும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்துக்கறேன். காற்றே வரமாட்டேங்குது.

விஷயம் இதுதான். எங்க கம்பெனியில் ஒரு பொண்ணு, இசக்கியம்மாள்னு பேர். எங்க மெஷினில் வேண்டுமென்றே ஒரு தப்பான ஃபைலை வைத்து, ஒரு சாயப்பட்டறையில் எண்ணூறு கிலோ வெள்ளைத் துணியை ரோஸ் கலர் ஆக்கிவிட்டாள்னு முதலாளி சொல்றார். "சோதனைக்குத்தான் வச்சேன், அழிக்கப் போனேன், அப்படியே இருக்கட்டும்னு அண்ணாச்சிதான் சொன்னாவ"ன்னு அவள் சொல்றாள். அந்த அண்ணாச்சி நான்தான். நான் அப்படிச் சொன்னேனா, இல்லையா? மூன்று மணிக்கு ஒரு வக்கீல் என்னிடம் அதைத்தான் கேட்கப் போறார். சொன்னேன்னு சொன்னால் அவள்மேல் குற்றம் இல்லை. ஞாபகமில்லைன்னு சொன்னால் நாளைக் காலையில் முதலாளி சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுப்பார். அவளுக்கு பெங்களூரில் ஒரு வேலை கிடைத்திருக்காம். புகார் விழுந்தால் அந்த வேலை போச்சு. அதற்கப்புறம் எவன் அவளை ஒரு கம்ப்யூட்டர் பக்கத்தில் விடுவான்?

நான் என்ன சொல்லப் போறேன்னா? ஞாபகமில்லைன்னுதான். இருங்க, இருங்க, முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் மூஞ்சியைத் திருப்புங்க.

எங்க கம்பெனி சரவணம்பட்டியில் இருக்கு. சாயப்பட்டறை மெஷினுக்குச் சாஃப்ட்வேர் எழுதறோம். எந்தக் கலருக்கு எந்தச் சாயம், எத்தனை கிராம், எத்தனை டிகிரி சூடு, எத்தனை நிமிஷம், எல்லாத்தையும் மெஷினுக்குச் சொல்றது எங்க சாஃப்ட்வேர்தான். இருபது பேர் ஆளுக்கொரு துண்டு எழுதுவாங்க. அதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, சரிபார்த்து, பட்டறைக்கு அனுப்புகிற மாதிரி ஒரே பொட்டலமாகக் கட்டணும். அதற்கென்று ஒரு கருவி எழுதினேன். நானே. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். கோர்வைன்னு பேர் வைத்தேன். பேர் நல்லா இருக்கில்லையா? ஒரு ஆள்கூட இதுவரை நல்லா இருக்குன்னு சொன்னதில்லை. அது வேற விஷயம்.

கோர்வை வேலை செய்யும்போது நடுவில் ஒரு பட்டியல் தயார் பண்ணும். எந்த நம்பர் எந்தக் கலர் என்கிற பட்டியல். வெள்ளைக்கு ஒரு நம்பர், கறுப்புக்கு ஒரு நம்பர், அப்படி. அந்தப் பட்டியலைக் கொஞ்ச நேரம் ஓர் இடத்தில் வைத்துவிட்டு, அடுத்த வேலையில் அதை எடுத்துப் படிக்கும். முடிந்ததும் அழித்துவிடும். தற்காலிகமாக வைக்கிற அந்த இடத்துக்கு டெம்ப்னு பேர். எங்க ஆபீசில் பெரிய மெஷின் ஒன்றுதான். எல்லாரும் அதில்தான் வேலை பார்ப்போம். டெம்ப் எல்லாருக்கும் பொது. யார் வேணும்னாலும் எதை வேணும்னாலும் அதில் வைக்கலாம். ஆனால் வைத்தவர்தான் அழிக்க முடியும், இன்னொருத்தர் எடுத்துப் படிக்கலாம், அழிக்க முடியாது.

ஆரம்பத்தில் கோர்வை ஒவ்வொரு தடவையும் அந்தப் பட்டியலுக்கு ஒரு புதுப் பேர் வைத்துக்கொண்டிருந்தது. நடுவில் ஏதாவது கோளாறு ஆனாலோ, யாராவது நிறுத்தினாலோ, அழிக்காமல் அப்படியே கிடக்கும். ஒரு வருஷம் ஆயுத பூஜைக்கு மெஷினைச் சுத்தம் பண்ணும்போது பார்க்கிறேன், நாலாயிரம் ஃபைல் அநாதையாகக் கிடக்குது. எனக்கு அப்படி இருந்தால் உடம்பெல்லாம் அரிக்கும். அன்றைக்கே மாற்றிவிட்டேன். ஒரே பேர். எப்போதும் அதே பேர், அதே இடம். ஒரே பாத்திரம், கழுவிக் கழுவிச் சமைக்கிற மாதிரி. இன்னொன்றும் செய்தேன். அந்தப் பேரில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தால், அது பாதியில் நின்ற வேலைதானே? அதையே எடுத்துக்கோ, மறுபடி தயார் பண்ணி நேரத்தை வீணாக்காதேன்னு எழுதினேன். புத்திசாலித்தனமா இல்லையா? நீங்களே சொல்லுங்க.

இசக்கி போன வருஷம் சேர்ந்தாள். திருநெல்வேலிப் பக்கம், வள்ளியூர். வந்த முதல் நாளே என்னை "அண்ணாச்சி" என்றாள். கோயமுத்தூரில் யாரை அண்ணாச்சின்னு கூப்பிடுவாங்க? மளிகைக் கடைக்காரரை. எல்லாரும் சிரித்தாங்க. அன்றையிலிருந்து ஆபீசில் ஒவ்வொருத்தனும், "அண்ணாச்சி, கால் கிலோ துவரம்பருப்பு"ன்னு ஆரம்பித்துவிட்டான். நான் அவளிடம் சொன்னேன், "ஏம்மா, சார்னு கூப்பிடு. இல்லைன்னா அண்ணான்னு கூப்பிடு." "சரி அண்ணாச்சி" என்றாள். வேண்டுமென்றே இல்லை. அவளுக்கு அப்படித்தான் வாயில் வருது. இருந்தாலும் பாருங்க.

இது கருமத்தம்பட்டியா? இங்கே எதுக்கு இவ்வளவு நேரம் நிறுத்தறான்? கண்டக்டர், எடுங்கப்பா!

ஆடி மாசத்தில் ஒருநாள் என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன், கோவப்படாதிய."

"சொல்லு."

"கோர்வை டெம்ப்ல வைக்கிற பட்டியலுக்கு எப்பவும் ஒரே பேருதானா?"

"ஆமா. சுத்தமா இருக்கட்டும்னுதான்."

"அது அங்கன ஏற்கெனவே இருந்தா, யாரு வச்சதுன்னு பாக்காம எடுத்துக்கிடுமா?"

"வேற யாரு வெப்பா? கோர்வைதான் வெச்சிருக்கும்."

அப்போது அவள் ஒரு கதை சொன்னாள். "அண்ணாச்சி, பஸ் ஸ்டாண்டுக்குள்ள பஸ் வரும்போதே ஜன்னல் வழியா துண்டு போட்டு எடம் பிடிப்பாங்கல்லா? நீங்க தெனமும் அதே பஸ்சு, அதே மூணாவது சீட்டு, அதே பச்சைத் துண்டு. ஊருக்கே தெரியும். ஒருநாள் உங்களுக்கு முன்னாடி ஒருத்தன் அதே சீட்டுல ஒரு பச்சைத் துண்டப் போட்டுட்டான். நீங்க ஏறி வாறிய. துண்டு கெடக்கு. நம்ம துண்டுதான்னு நெனச்சு எடுத்து மூஞ்சியத் துடைக்கிய. அதுல அவன் என்னத்தத் தடவி வச்சிருக்கானோ, யாருக்குத் தெரியும்?"

பக்கத்து மேஜையில் இரண்டு பேர் சிரித்துவிட்டாங்க. எனக்குச் சுருக்கென்று இருந்தது. "எங்க கோயமுத்தூர்ல யாரும் துண்டு போட்டு இடம் பிடிக்க மாட்டாங்கம்மா" என்றேன்.

நீங்க எதுக்குச் சிரிக்கறீங்க? சரி, காந்திபுரத்தில் நானும் இந்த சீட்டில் பையைப் போட்டுத்தான் ஏறினேன். அவசரம். அது வேற.

அவள் விடலை. என்ன செய்யணும்னும் சொன்னாள். "ஒவ்வொரு தடவையும் யாராலயும் முன்கூட்டிச் சொல்ல முடியாத பேரா வைக்கணும் அண்ணாச்சி. இருக்கா இல்லையான்னு பாத்துட்டு, பெறகு போயி வைக்கக் கூடாது. அந்த எடவெளியிலதான் இன்னொருத்தன் புகுந்துருவான். பாக்குததும் வைக்குததும் ஒரே மூச்சுல நடக்கணும். ஏற்கெனவே அங்க ஏதாவது இருந்தா, எடுக்காம நின்னுரணும். நம்மளத் தவிர வேற யாரும் தொறக்க முடியாம பூட்டிரணும். வேல முடிஞ்சாலும் பாதியில நின்னாலும் தானா அழிஞ்சிரணும். நாலு வரிதான்."

நாலு வரி! பன்னிரண்டு வருஷமா நான் காப்பாற்றிக்கொண்டு வர்ற கோர்வையை நாலு வரியில் திருத்த வர்றாள். "எழுத்துல குடும்மா, பாக்கறேன்" என்று அனுப்பிவிட்டேன். அது எங்க ஆபீஸ் வழக்கம். எழுத்துல குடுன்னு சொன்னால் அப்புறம் வரமாட்டாங்க.

அவள் எழுத்தில் கொடுத்தாள். மெயில். ஆகஸ்ட் ஏழாம் தேதி ஒன்று, இருபத்தெட்டாம் தேதி ஒன்று, செப்டம்பர் பதினேழாம் தேதி ஒன்று. மூன்றாவதில் கடைசி வரி, "அண்ணாச்சி, இது கெட்ட எண்ணம் உள்ளவர் கையில் கிடைத்தால் நாம் அனுப்பும் எதையும் மாற்றிவிடலாம், கெட்ட எண்ணம் இல்லாதவர் கையாலும் தவறு நடக்கலாம்." நல்ல தமிழ்தான் எழுதுவாள். நான் மூன்றையும் ஒழுங்காக ஒரு தனி இடத்தில் எடுத்து வைத்தேன். முதலாளிக்கு அனுப்பலை. அவர் எப்போதும் பட்டறைக்காரங்களோட போனில் இருப்பார், அவருக்கு எதுக்குத் தொந்தரவு?

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவளே வந்து, "அண்ணாச்சி, ஒரு அஞ்சு நிமிஷம், நேர்ல காட்டுதேன்" என்றாள். காட்டினாள். டெம்ப்பில் அதே பேரில் அவளே ஒரு பட்டியலை வைத்தாள். அதில் ஒரே ஒரு மாற்றம். வெள்ளைக்கு எதிரே ரோஸ் நம்பர். "ரோஸ் எதுக்கு?" என்றேன். "கண்ணுக்குப் பளிச்சுனு தெரியட்டும்னுதான். கறுப்பு வச்சா அழுக்குன்னு சொல்லுவிய" என்றாள். அப்புறம் என் லாகினிலிருந்து சோதனைக்காக கோர்வையை ஓட்டினாள். கட்டி முடிந்த பொட்டலத்தைத் திறந்து பார்த்தால் வெள்ளை இருந்த இடத்தில் ரோஸ். கோர்வை ஒரு கேள்விகூடக் கேட்கலை.

உண்மையைச் சொல்றேன், அவள் சொன்னது சரின்னு எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் சின்னப் பொண்ணு முன்னால் அதைக் காட்ட முடியுமா? "ம்" என்றேன். அழிக்கட்டுமா, வேண்டாமான்னு ஏதோ பேச்சு வந்தது. அப்புறம் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. சாப்பிட்டு வந்தால் பூஜை வேலை.

பூஜை வேலைன்னா எங்க ஆபீசில் சாதாரணமில்லைங்க. மேஜை, நாற்காலி, கதவு, எல்லாம் துடைத்து, பெரிய மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. கீபோர்டையும் மௌசையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்துப் பட்டுத்துணி போட்டு மூடிவிடுவோம். மெஷினை மட்டும் அணைக்க மாட்டோம். பன்னிரண்டு வருஷமாக அது அணைந்ததே இல்லை. துணி போட்டு மூடினதுக்கு அப்புறம் யாரும் தொடக்கூடாது. தொட்டால் சாமி குத்தம். விஜயதசமி அன்றைக்கு நல்ல நேரம் பார்த்து நான் வந்து துணியை எடுப்பேன். அன்றைக்கும் லீவுதான், ஆனால் நான் மட்டும் வருவேன். முதல் வேலை கோர்வை வேலை. அதுவும் சோதனைக்கு ஓட்டறது இல்லை, நிஜமாகவே ஒரு பட்டறைக்குப் போகிற பொட்டலமாக இருக்கணும். அப்போதுதான் வருஷம் நல்லா இருக்கும். இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தது நான்தான்.

பத்து நாற்பதுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, துணியை எடுத்து, பட்டனைத் தட்டினேன். வழக்கமாக ஆறு நிமிஷம் ஆகுமுங்க. அன்றைக்கு நாலே நிமிஷத்தில் முடிந்தது. அம்பாள் கடாட்சம்னு கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பட்டியலைத் தயார் பண்ணாமல், அங்கே கிடந்ததையே எடுத்துக்கொண்டது. அதனால்தான் இரண்டு நிமிஷம் குறைந்திருக்கு. அது அப்போது யாருக்குத் தெரியும்? அவள் வைத்த ஃபைலை கோர்வையால் அழிக்கவும் முடியலை. "அழிக்க முடியவில்லை"ன்னு ஒரு வரி வந்திருக்கணும். அந்த மாதிரி வரியெல்லாம் திரையில் வந்து புதுப் பிள்ளைகளைப் பயமுறுத்துதுன்னு எப்போதோ வராமல் பண்ணி வைத்திருந்தேன். நல்லதுக்குத்தான் பண்ணினேன்.

தண்ணீர் இருக்கா உங்ககிட்டே? கொடுங்க, ஒரு வாய். வாய் உலர்ந்துபோகுது.

மறுநாள் மத்தியானம் பட்டறையிலிருந்து சாய மாஸ்டர் சம்பத் போன் பண்ணினார்.

"ஏனுங்க சென்னியப்பன், வெள்ளை போட்டா ரோஸ் வருதுங்க."

"டிரம்முல பழைய சாயம் ஒட்டியிருக்கும். நல்லாக் கழுவுங்க மாஸ்டர்."

"டிரம்முல என் மூஞ்சி தெரியுதுங்க, அத்தனை பளிச்சுனு இருக்குது. நீங்க நேத்து அனுப்பிச்சதைப் போட்டதிலிருந்துதான் இப்படி. எண்ணூறு கிலோ இறங்கிருச்சு. அத்தனையும் ஆம்பளைங்க பனியனுக்குப் போற துணி. ரோஸ் பனியனைப் போட்டுட்டு எந்த மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போவான்?"

நீங்களும் கேள்விப்பட்டீங்களா? ஊரெல்லாம் தெரிந்துவிட்டதா! சிரிங்க, சிரிங்க. அன்றைக்கு எங்க ஆபீசில் யாரும் சிரிக்கலை.

முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். சிவசாமின்னு பேர், கோபம் வந்தால் குரல் இறங்கும். டெம்ப்பில் பார்த்தால் அந்த ஃபைல் அப்படியே இருக்கு. வைத்தவர் பேரும் கூடவே இருக்கு. இசக்கி. நேரம்கூட இருக்கு.

"வெச்சது நீதானே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நாந்தான் சார். சோதனைக்கு வச்சது. அண்ணாச்சி கூடத்தான் இருந்தாவ. அழிச்சிரட்டுமான்னு கேட்டேன், அப்படியே கெடக்கட்டும்னாவ. பொறவு துணி போட்டு மூடிட்டிய, நான் எப்படித் தொட முடியும்? விஜயதசமிக்கு ஓட்டப்போறாவன்னு எனக்குத் தெரியாது, நான் ஊருக்குப் போயிட்டேன்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "சென்னியப்பா?"

அந்த அறையில் ஒரு ஃபேன் இருக்குங்க. மூன்று இறக்கையில் ஒன்று கொஞ்சம் வளைந்திருக்கும். அது ஒவ்வொரு சுற்றுக்கும் டக் டக்னு சொல்லும். அதையே கேட்டுக்கொண்டு நின்றேன். அப்புறம் என் வாயிலிருந்து தானாக வந்தது. "ஞாபகம் இல்லைங்க சார்."

பொய் சொல்லலை, கவனிங்க. "சொல்லவே இல்லை"ன்னு சொல்லியிருந்தால் அது பொய். ஞாபகமில்லைன்னுதானே சொன்னேன்? மனுஷனுக்கு மறதி வராதா?

அவள் அழுவாள்னு நினைத்தேன். அழலை. என்னையே பார்த்தாள். "அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க தயிர்சாதத்துக்குத் தொட்டுக்க மறந்துட்டு வந்திய. எங்கிட்ட மாங்கா ஊறுகா வாங்கித் தின்னிய. அதுவும் மறந்துட்டா?" என்றாள்.

மாங்காய் இல்லைங்க. நார்த்தங்காய். அவளே தப்பாகச் சொல்றாள், பாருங்க. ஆனால் நான் திருத்தலை. அந்த நேரத்தில் நார்த்தங்காய்னு சொன்னால் நல்லா இருக்காது.

அன்றைக்கு மத்தியானமே அவளை வேலைக்கு வரவேண்டாம்னு சொல்லிவிட்டாங்க. மெயிலை மூடிவிட்டாங்க. மேஜைப் பக்கம் இருந்த ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு குடை, ஒரு ஜோடி செருப்பு, இதையெல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனாள். அதற்கப்புறம் என்னை யாரும் அண்ணாச்சின்னு கூப்பிடறதும் இல்லை. துவரம்பருப்பும் கேட்கறதில்லை. மத்தியானம் நான் டிபன் பாக்ஸைத் திறந்தால் எல்லாருக்கும் ஏதாவது வேலை வந்துவிடுது. அது அவங்கவங்க வேலை, எனக்கென்ன?

கோர்வையை அன்றைக்கே சரி பண்ணிவிட்டேன். யாராலும் ஊகிக்க முடியாத பேர். பார்ப்பதும் வைப்பதும் ஒரே மூச்சில். ஏற்கெனவே இருந்தால் நின்றுவிடும். வேறு யாரும் திறக்க முடியாத பூட்டு. வேலை முடிந்தாலும், நடுவில் நின்றாலும் தானாக அழிந்துவிடும். நாற்பது நிமிஷம் ஆனது. எத்தனை வரின்னு கேட்கறீங்களா? நாலு. எண்ணிப் பார்த்தேன், நாலுதான்.

பட்டறை முதலாளி அதற்கு எனக்குப் பொன்னாடை போர்த்தினார். "இவர் ஒரே நாள்ல ஓட்டையைக் கண்டுபிடிச்சு அடைச்சுட்டார்"னு எங்க முதலாளி நாலு பேர் முன்னால் சொன்னார். நான் என்ன செய்ய முடியும்? "இல்லைங்க, அது இன்னொருத்தர் சொன்னது"ன்னு சபையில் எழுந்து நின்று பேசுவாங்களா? மரியாதையாக இருக்காது.

ஆனால் பட்டறை முதலாளிக்கு ஒரு சந்தேகம் இருக்கு. பெரியவர், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டே கேட்டார், "ஏனுங்க, கெடுக்கணும்னு வெக்கறவ தன் பேரையே வெச்சுட்டுப் போவாளாங்க?" அதனால்தான் இந்த விசாரணை. போலீசுக்குப் போறதுக்கு முன்னால் தன் காதாலேயே கேட்கணும்னு அவரே வக்கீலை வைத்து, பட்டறை ஆபீசிலேயே ஏற்பாடு பண்ணியிருக்கார். அவளும் வருவாள்.

அந்த மெயிலா? இருக்கு. இதோ, இந்த போனிலேயே இருக்கு. மூன்றும், தேதியோட. அவள் பக்கம் மூடிவிட்டாங்க, அதனால் இப்போது என்னிடம் மட்டும்தான் இருக்கு. போன வாரம் கூப்பிட்டாள். "அண்ணாச்சி, மூணுல ஒண்ணே ஒண்ண மட்டும் அனுப்புங்க. போதும். வேற ஒண்ணும் கேக்கல" என்றாள். "ஹலோ, ஹலோ, சிக்னல் இல்லைம்மா"ன்னு வைத்துவிட்டேன். ஏன் அதை அழிக்கலைன்னு கேட்கறீங்களா? நான் எதையும் அழிக்கிற ஆள் இல்லைங்க. ஒழுங்காக எடுத்து வைக்கிற ஆள். முதலாளிகூட ஒருநாள் பூடகமாகக் கேட்டார், "பழைய மெயில் ஏதாவது இருக்குதா சென்னியப்பா?" "பார்க்கணும்ங்க சார்" என்றேன். தினமும் பார்க்கறேன். காலையில் எழுந்ததும் இருக்கான்னு பார்ப்பேன். ஏன் பார்க்கறேன்னு எனக்கே தெரியலை.

இன்றைக்குக் காலையில் ஒரு செய்தி அனுப்பியிருக்காள். படிக்கட்டுமா? "அண்ணாச்சி, எனக்காக ஒன்றும் பேச வேண்டாம். உள்ளதைச் சொன்னால் போதும்." அவ்வளவுதான். வணக்கம்கூட இல்லை.

அவளுக்கு இருபத்தேழு வயசு. இன்னும் எத்தனையோ வேலை கிடைக்கும். எனக்கு நாற்பத்தெட்டு. அப்படியே கிடக்கட்டும்னு நான்தான் சொன்னேன்னு இப்போது சொன்னால், முதல் தடவை ஏன் மறைச்சேன்னு அடுத்த கேள்வி வரும். மூன்று மெயில் வந்தும் ஏன் சும்மா இருந்தேன்னு அதற்கடுத்த கேள்வி வரும். கோர்வையையே தூக்கிப் போட்டுவிட்டு வெளியிலிருந்து வேறெதையாவது வாங்கி வைப்பாங்க. பன்னிரண்டு வருஷம்! இதையெல்லாம் யார் யோசிக்கிறாங்க? உங்களை மாதிரி ஒருத்தர் பொறுமையாகக் கேட்டால்தானே சொல்லவே முடியுது.

அவிநாசி தாண்டிவிட்டோமா? மணி என்ன? இரண்டு இருபத்தைந்து. பூண்டி வந்தால் அப்புறம் இருபது நிமிஷம்தான்.

எனக்கு ஓர் உதவி பண்றீங்களா? வக்கீல் எப்படிக் கேட்பார்னு தெரியலை. நீங்களே வக்கீல்னு வைத்துக்கொள்ளுங்க. "அந்தப் பொண்ணு அழிச்சிடட்டுமான்னு உங்ககிட்டே கேட்டாளா?" அப்படிக் கேளுங்க. சும்மா கேளுங்க, ஒரு ஒத்திகைதானே.

கேட்டாள். மணி பன்னிரண்டு ஐம்பது. நான் எழுந்து நிற்கிறேன், அவள் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், கை கீபோர்டுமேல் இருக்கு, ஒரே ஒரு பட்டன்தான் பாக்கி...

சே! இல்லை, இல்லை. இதை விடுங்க. உங்ககிட்டே இவ்வளவு நேரம் கதையாகச் சொன்னேனில்லையா, அந்த ஓட்டத்தில் வந்துவிட்டது. திரும்பக் கேளுங்க. கொஞ்சம் கடுமையாகக் கேளுங்க, வக்கீல் மாதிரி.

ஞாபகம்... அதாவது, அவள் கேட்டாள், அதற்கு நான், "தொடாதே, அப்படியே கெடக்கட்டும், சாப்பிட்டுட்டு வந்து எங்கே தப்புன்னு நானே கண்டுபிடிக்கறேன், நீ எனக்குக் காட்ட வேண்டாம்"னு சொன்னேன். "மறந்துராதிய அண்ணாச்சி" என்றாள். "எனக்கா மறக்கும்?"னு சொன்னேன். இது எதுக்கு இப்போது வாயில் வருது? யாரும் இதைக் கேட்கவே இல்லையே!

சிரிக்காதீங்க. சிரிக்கலையா? சரி. இருங்க, மூச்சு வாங்கிக்கறேன். கர்ச்சீப் எங்கே போச்சு... இங்கே இருக்கு. பூண்டி வந்துவிட்டது பாருங்க. இப்போது கேளுங்க. கடைசித் தடவை. கேளுங்க.

ஞாபகம் இல்லைங்க.

ஆ! பார்த்தீங்களா? எப்படி வந்தது! திக்கலை, திணறலை. உங்க கண்ணைப் பார்த்தே சொன்னேன், கவனித்தீங்களா? இப்படியே அங்கே போய்ச் சொல்லிவிட்டால் போதும், ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். ஐந்தரை மணி பஸ்ஸுக்கு நான் திரும்பிவிடலாம்.

என்னங்க, எழுந்துட்டீங்க? பையை எதுக்கு எடுக்கறீங்க? பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கணும்னுதானே சொன்னீங்க, அதற்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கே. படிக்கட்டில் அவ்வளவு கூட்டம், அங்கே போய் எதுக்கு நிற்கணும்? உட்காருங்க. நான் வேற ஏதாவது பேசறேன். பேசவே வேண்டாம்னாலும் சரி.

ஏனுங்க, உங்களைத்தான். ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்க. கடைசியாகச் சொன்னேனே, அது நம்புற மாதிரி இருந்ததுங்களா?